வெள்ள வருஷத்தில் நெல் கேட்பதில்லை

காசியார்சர் படகுத்துறை
2 நவம்பர் 1998

புரொபசர் வாரேஸ் சாகிப் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். படகோட்டி தொமிஜ் உத்தின் சொல்லச் சொல்ல, கடைத்தெரு ஹோமியோபதி டாக்டர் நிர்மல் எழுதுகிறார். காசு வாங்க மாட்டேன் என்கிறார். மீன் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்வதில்லை.

என்னை மறந்திருக்க மாட்டீர்கள். மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். எழுபத்தொன்பதாம் வருஷம், ஆனி மாதத்து மழை, செவ்வாய்க்கிழமை. மைமன்சிங் விவசாயக் கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் ஒருவர் என் படகில் ஏறினார். இடது கால் செருப்பு அறுந்து கையில் இருந்தது. "இந்தக் கரையில யாருக்காவது கடன் வேணுமா, என் சம்பளத்துல தர்றேன்"னு கேட்டார். படகில் இருந்த எட்டுப் பேரும் சிரித்தோம். நான்தான் ரொம்பச் சிரித்தேன். கரையில் இறங்கினதும் பதினோரு பேருக்கு அறுநூற்று நாற்பது டகா கொடுத்தீர்கள். யார் யாருக்கு எவ்வளவு என்று இப்போதும் சொல்வேன்.

அது இருக்கட்டும். என் மகள் ஆம்பியா விஷயமாக எழுதுகிறேன்.

உங்கள் கடன் சமிதியில் மாடு வாங்கவென்று ஆறாயிரம் வாங்கினாள். வட்டியோடு வாரம் நூற்றைம்பது, ஐம்பது வாரம். இருபத்தொரு திங்கள்கிழமை ஒன்றுகூடத் தவறாமல் கட்டினாள். அப்புறம் வெள்ளம் வந்தது. அறுபத்தெட்டு நாள் தண்ணீர் வடியவில்லை. மாட்டைப் பரண் கட்டி ஏற்றினோம், ஆகாயத்தாமரையை அறுத்துப் போட்டோம். அதைத் தின்று வயிறு ஊதி, நாற்பத்தியோராம் நாள் செத்தது. அவள் புருஷன் முக்தார், ரிக்‌ஷா மிதிக்கிறேன் என்று டாக்கா நகரத்துக்குப் போனவன், ஒரு தகவலும் இல்லை.

உங்கள் சட்டம் தெரியும். ஐந்து பெண்கள் ஒரு கட்டு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேருக்கும் புதுக்கடன் கிடையாது. நாலு பேரும் சேர்ந்து ஆறு வாரம் ஆம்பியாவுக்காகக் கட்டினார்கள். அதற்குமேல் அவர்களாலும் முடியவில்லை. கட்டின் தலைவி ஃபுல்பானு வந்து அண்டா, குடம், மூக்குத்தி எல்லாம் எடுத்துப்போனாள். நோன்பு பிறக்கிறதுக்குள் கூரைத் தகரத்தைக் கழற்றுவதாகச் சொல்லியிருக்கிறாள். பதினைந்து தகடு. அந்தக் கூரையும் உங்கள் கடனில் போட்டதுதான், அதை அடைத்துவிட்டாள்.

மார்கழிக் குளிர் வருகிறது. அவளுக்கு இரண்டு பெண் குழந்தைகள். நான் படகுத்துறைக் குடிசையில் முடங்கிக் கிடக்கிறேன், அதில் மூன்று பேருக்கு இடமில்லை. உங்கள் கையெழுத்து ஒன்று வந்தால் கிஸ்தி சார் கேட்பார். வாரக் கிஸ்தி வாங்க வருகிற பையனை எங்கள் பெண்கள் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

ஊரில் மற்றவர்கள் கதை மற்றவர்களோடு. என் மகள் கூரையை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள்.

தொமிஜ் உத்தின்
(இடது கைப் பெருவிரல் ரேகை)


டாக்கா
14 நவம்பர் 1998

அன்புள்ள தொமிஜ் சாச்சா,

உங்கள் கடிதம் நான் வெளிநாட்டில் இருக்கும்போது வந்து, மேசையில் ஒரு வாரம் கிடந்தது. மன்னியுங்கள். ஆம்பியாவை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. படகின் முனையில் உட்கார்ந்து தண்ணீரில் கால் அளைந்துகொண்டிருப்பாள்.

படித்ததிலிருந்து மனசு சரியில்லை. ஆனாலும் உங்களிடம் மறைக்காமல் பேச வேண்டும்.

நான் வேலையை விட்டபோது என் கூடப் பணிசெய்தவர்கள் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "வாரேஸ், ஏழை திருப்பிக் கட்டமாட்டான்யா. ஊர்ப்பணத்தை ஆத்துல கொட்டுறே." அவர்களுக்குப் பதில் சொல்லவே பத்தொன்பது வருஷம் உழைத்தேன். இன்று பத்தொன்பது லட்சம் பெண்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பேர் கட்டுகிறார்கள். எந்த நாட்டில் போய் நின்றாலும் நான் முதலில் சொல்வது அந்த எண்ணைத்தான். அதை வைத்துத்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் வருகிறது. அந்தப் பணம் வந்தால்தான் வெள்ளத்தில் போன வீடுகளுக்குப் புதுக்கடன் தர முடியும்.

எனக்குத் தெரிந்தவர் மகள் என்று ஒரு கிஸ்தியைத் தள்ளினால், நாளைக்கு ஒவ்வொரு ஊரிலும் யாருக்காவது யாரையாவது தெரிந்திருக்கும். மகாஜன் வட்டிக்கடை அப்படித்தானே நடந்தது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்து பேர் கட்டு என்கிற விதியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. உங்கள் படகில் கற்றேன். அறுவடைக்கு அறுவடை வீட்டுக்கு ஒரு கூடை நெல் என்று படகுக்கூலி வாங்குவீர்கள். யாராவது தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். நீங்கள் துடுப்பை நிறுத்தாமல் சொன்னீர்கள்: "அஞ்சு வீட்டுக்கு ஒரு கட்டு. ஒரு வீடு தரலைன்னா அஞ்சு வீட்டையும் ஏத்தமாட்டேன். அப்புறம் நான் எதுக்குக் கேக்கணும்? அவங்களே கேட்டு வாங்கிக்குவாங்க." அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த விதியைக் கொடுத்த உங்களுக்கே நான் அதை எப்படி முறிப்பேன்? இத்துடன் என் சொந்தப் பணம் ஐந்நூறு மணியார்டரில் வருகிறது. குழந்தைகளுக்குக் கம்பளி வாங்குங்கள்.

வாரேஸ்


காசியார்சர்
20 நவம்பர் 1998

புரொபசர் சாகிப்,

மணியார்டர் வந்தது. திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன். நிர்மல் டாக்டர், "கிழவா, ரோஷத்தைப் போத்திக்கிட்டுக் குழந்தைங்க தூங்குமா?" என்றார். கம்பளி வாங்கிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை அவர் மூன்று தரம் வாசித்தார். நான் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்களே, அது நான் சொன்னதுதான். ஒரு சொல்கூட மாறவில்லை. ஆனால் தம்பி, நீங்கள் கேட்டது என்ன? தராவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொன்னேன். வெள்ளம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேட்கவில்லையே.

வெள்ள வருஷத்தில் நெல் கேட்பதில்லை. என் வாப்பா கேட்டதில்லை, அவர் வாப்பா கேட்டதில்லை. எழுபத்துநாலில் ஒரு மணி வாங்கவில்லை. எண்பத்தெட்டில் வாங்கவில்லை. அந்த வருஷக் கூலியை அடுத்த வருஷம் சேர்த்துக் கேட்கிற வழக்கமும் இல்லை. தண்ணீர் தின்றது தின்றதுதான். கட்டு என்று ஒன்று இருப்பதே இந்த வழக்கத்தால்தான். தண்ணீர் வந்தால் கேட்கமாட்டான் என்று தெரிந்துதான் அந்த ஐந்து வீடும் நல்ல வருஷத்தில் ஒருவருக்கொருவர் ஜாமீன் நிற்கிறது. இல்லாவிட்டால் எவன் அடுத்த வீட்டுக்காரனுக்காகத் தலையைக் கொடுப்பான்?

இதையெல்லாம் ஒரு மனுஷனுக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. படகில் ஏறினவன் நனையாமல் இருக்க உட்கார வேண்டும் என்று யாராவது சொல்லுவார்களா? நீங்களும் இந்த ஆற்றைப் பார்த்தவர் என்று நினைத்துவிட்டேன். பாதியை எழுதிக்கொண்டு போய்விட்டீர்கள். மீதிப் பாதி என் வாயிலேயே இருந்துவிட்டது. பத்தொன்பது லட்சம் பேர் என்கிறீர்கள். அத்தனை பேர் கழுத்திலும் என் பாதிப் பேச்சு தொங்குகிறது என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

நேற்று ஆம்பியா வயலுக்கு அடிக்கிற மருந்துப் புட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "எதுக்கும்மா இது?"ன்னு கேட்டேன். "புட்டி காலி வாப்பா, எண்ணெய் வாங்க ஆகும்னு கழுவுறேன்" என்றாள். கழுவத்தான் கழுவினாள். ஆனாலும் அதை வாங்கி ஆற்றில் எறிந்தேன்.

உங்கள் சட்டத்தை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு வீடு. அந்த விதியைச் சொன்னவன் வீடு. கூலி என்று நினைத்துத் தாருங்கள், நான் இதுவரை ஒன்றும் கேட்டதில்லை.

தொமிஜ்


டாக்கா
30 நவம்பர் 1998

சாச்சா,

நீங்கள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டது கோபத்தில்தான் என்று தெரியும். ஆனாலும் அந்த இடத்தைப் பலமுறை படித்தேன்.

நிர்வாகக் குழுவில் பேசிப் பார்த்தேன். வெள்ளம் வந்த மாவட்டங்களில் ஆறு மாதம் கிஸ்தியை நிறுத்திவைக்கலாம் என்றேன். மேசையைச் சுற்றி ஒன்பது பேர். கணக்குப் பார்க்கிறவர் கேட்டார்: "சார், ஆறு மாசம் கழிச்சு நம்ம தொண்ணூற்றெட்டு எவ்வளவா இருக்கும்?" மார்ச்சில் பணம் கொடுக்கிறவர்கள் வருகிறார்கள். அதுவரை இந்தப் பேச்சு வேண்டாம் என்று முடிந்தது. நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். தேநீர் வந்தது, குடித்தேன்.

என் அதிகாரத்தில் இருப்பதைச் செய்திருக்கிறேன். ஆம்பியா காத்தூனின் கடன் தனி உத்தரவில் தள்ளுபடி ஆகிறது. அவள் பெயர் ஐந்து பேர் கட்டிலிருந்து எடுக்கப்படுகிறது. இனி அவள் கூரையை யாரும் தொட முடியாது. அடுத்த திங்கள் உங்கள் ஊர் மையத்துக் கூட்டத்தில் உத்தரவு வாசிக்கப்படும்.

என் வாழ்க்கையில் இப்படி ஒன்றை நான் செய்ததில்லை. செய்தபோது பெரிய பாரம் இறங்கினது போல இருந்தது என்று உங்களிடம் ஒத்துக்கொள்கிறேன்.

வாரேஸ்


காசியார்சர்
13 டிசம்பர் 1998

புரொபசர் சாகிப்,

ஆம்பியா வீட்டில் இப்போது கூரை இல்லை. எப்படிப் போனது என்று முறையாகச் சொல்கிறேன்.

திங்கள்கிழமை கூட்டத்தில் கிஸ்தி சார் உங்கள் உத்தரவை நின்றுகொண்டு வாசித்தார். நான் வாசல் பக்கம் இருந்தேன். அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்விட்டே சொன்னேன். அப்புறம் ஃபுல்பானு எழுந்தாள்.

"சார், நாங்க நாலு பேரும் இவளுக்காகக் கட்டின தொள்ளாயிரம்?"

"அது கட்டினது கட்டினதுதான்" என்றார் கிஸ்தி சார்.

"இவ பேரை எடுத்துட்டா நாங்க நாலு பேரு. புதுக்கடன்?"

"அஞ்சாவது ஆள் சேர்த்தா உண்டு."

"இந்தத் தண்ணி வருஷத்துல எந்தப் பைத்தியக்காரி வந்து சேருவா?"

கிஸ்தி சார் காகிதத்தை மடித்தார். ஃபுல்பானு ஆம்பியா பக்கம் திரும்பினாள். "அடியே, புரொபசர் கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணிக்கலையா உன்னை? உங்க வாப்பா படகுல ஏறினா கடன் கரையும்னு தெரிஞ்சிருந்தா நாங்களும் அவருக்கே பொறந்திருப்போமே!"

ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. சாகிப், ஃபுல்பானுவைக் கெட்டவள் என்று நினைக்காதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். மகாஜன் கையில் நூற்றுக்கு மாதம் பத்து வட்டிக்கு வாங்கித்தான் அவள் தன் கிஸ்தியையும் கட்டினாள், என் மகள் கிஸ்தியில் தன் பங்கையும் கட்டினாள். இரண்டு ஆடு போனது. அவள் பெண்ணைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டாள். மற்ற மூவர் கதையும் இதே. உங்கள் தொண்ணூற்றெட்டு இப்படித்தான் தொண்ணூற்றெட்டாக இருக்கிறது. மகாஜனுக்கு இந்த வருஷம் நல்ல வருஷம். பக்கத்திலேயே இருந்த எனக்கு இது தெரியாது என்று சொன்னால் பொய். தெரியும். என் மகள் கூரை என்று வந்தபோது அதை நினைக்காமல் விட்டேன்.

அன்று சாயங்காலம் ஆம்பியா என் குடிசைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"யாரைக் கேட்டு எழுதினீங்க வாப்பா?"

"உனக்காகத்தான்மா."

"எனக்காகவா? நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல்னா நான் யார் கதவைத் தட்டுவேன், உங்க புரொபசர் கதவையா? அஞ்சு பேர்ல நான் ஒருத்தின்னு இருந்தேன். கடன்காரின்னாலும் ஒருத்தி. இப்ப என்னை எடுத்து வெளிய வெச்சுட்டீங்க ரெண்டு பேரும்."

வியாழக்கிழமை காலையில் அவளே ஏணியைக் கொண்டுவந்து சுவரில் சாத்தினாள். தகடு வாங்குகிற வியாபாரியைக் கடைத்தெருவிலிருந்து வரச் சொல்லியிருந்தாள். அவள் ஏறப் போனாள். நான் தடுத்தேன். ஆணியைப் பிடுங்கத் தெரியாமல் இழுத்தால் தகடு கிழியும், கிழிந்தால் பாதி விலைதான். எழுபத்தேழு வயதில் நான் ஏறினேன். ஏணி ஆடியது. கீழே பார்த்தால் ஃபுல்பானு இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அழுகிறாள், என்னைத் திட்டவும் திட்டுகிறாள்: "பாத்து வை காலை, கிழட்டுப் பிசாசே!" ஒவ்வொரு தகடாக நான் இறக்க, ஆம்பியாவும் மற்ற மூவரும் தலைக்குமேல் கையை நீட்டி வாங்கினார்கள். சத்தம் வராமல் புல்லில் வைத்தார்கள்.

பதினைந்து தகடு, இருநூற்றிருபது வீதம் மூவாயிரத்து முந்நூறு. தொள்ளாயிரத்தை நாலு பேருக்கும் பிரித்துக் கொடுத்தாள். மீதி இரண்டாயிரத்து நானூறு. நாளைத் திங்களையும் சேர்த்து நின்றுபோன பதினாறு கிஸ்தி. நாளைக்குக் கட்டி, தன் பெயரைத் திரும்ப எழுதச் சொல்லப்போகிறாள்.

சணல் குச்சியைப் பரப்பி, மேலே என் பாயைக் கட்டிப் பார்த்தோம். காற்று தூக்கிவிட்டது. மூன்று பேரும் ஃபுல்பானு வீட்டுச் சமையல் கொட்டகையில் படுக்கிறார்கள். எனக்கு அங்கே போக முகம் இல்லை.

தொமிஜ்


டாக்கா
19 டிசம்பர் 1998

சாச்சா,

இதை நாலாவது தரமாக எழுதுகிறேன். முதல் மூன்றையும் கிழித்துப் போட்டேன். அவற்றில் நான் நன்றாகத்தான் எழுதியிருந்தேன், அதுதான் காரணம்.

எண்பத்தெட்டு வெள்ளத்தில் ஒரு பகல் முழுக்க உங்கள் படகில் இருந்தேன். மண்ணெண்ணெய், பொரி, குழந்தைகள், ஒரு பிணம், எல்லாவற்றையும் கரை சேர்த்தீர்கள். அடுத்த தை மாதம் வந்தபோது உங்கள் குதிர் காலியாக இருந்தது. யாரிடமும் கூலி வாங்கவில்லை என்று ஆம்பியா சொன்னாள். அதைப் பற்றி ஒரு கட்டுரையில் ஒரு வரி எழுதினேன்: "ஏழைகளின் பெருந்தன்மைக்கு அளவில்லை." அந்த வரியை எல்லோரும் பாராட்டினார்கள். நெல் கேட்டபோது அது எனக்கு விதியாகத் தெரிந்தது. கேட்காமல் விட்டபோது உங்கள் நல்ல மனசாகத் தெரிந்தது. இரண்டும் ஒரே விதி என்று தெரியாமல் பத்தொன்பது வருஷம் பெரிய மனுஷனாக இருந்துவிட்டேன். நீங்கள் சொல்லாமல் விட்டதாக நினைக்காதீர்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஆம்பியாவுக்குச் செய்த உத்தரவை அவளுக்காகச் செய்யவில்லை. உங்கள் கடிதங்கள் வராமல் இருக்க வேண்டும் என்று செய்தேன்.

பதினாறாம் தேதி நிர்வாகக் குழு மறுபடி கூடியது. ஆம்பியாவின் இரண்டாயிரத்து நானூறு வரவாகி, காசியார்சர் மையம் நூற்றுக்கு நூறு என்று வாசித்தார்கள். சிலர் கை தட்டினார்கள். நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். யாரும் தேடி வரவில்லை.

என்ன செய்வதென்று தெரியவில்லை, சாச்சா. விதியை மாற்ற ஒன்பது பேரில் ஐந்து பேர் வேண்டும். என்னையும் சேர்த்து மூன்று பேர் இருக்கிறோம். பணம் வராவிட்டால் இருபதாயிரம் பேர் வேலை செய்கிற இந்த வீடு ஒரு வருஷத்தில் சாய்ந்துவிடும். சாயட்டும் என்று சொல்கிற தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. நாற்பது வயதில் இருந்தது.

வெள்ளிக்கிழமை, ஜனவரி ஒன்றாம் தேதி, காசியார்சருக்கு வருகிறேன். கார் இல்லை, அதிகாரிகள் இல்லை. ஃபுல்பானுவும் மற்றவர்களும் என்னோடு பேசுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள். மாட்டோம் என்றாலும் எழுதுங்கள்.

வாரேஸ்


காசியார்சர்
26 டிசம்பர் 1998

புரொபசர் சாகிப்,

ஃபுல்பானுவிடம் கேட்கச் சொல்லியிருந்தீர்கள். நான் கேட்கவில்லை. கடிதத்தை நிர்மல் டாக்டர் கையில் கொடுத்து ஆம்பியாவிடம் அனுப்பினேன். அவர் கொட்டகை வாசலில் நின்று ஐந்து பேருக்கும் வாசித்தார். பெரிய மனுஷன் மாடிப்படியில் உட்கார்ந்த இடம் வந்தபோது ஃபுல்பானு, "உக்காரட்டும், நாங்க எத்தனை வருஷமா மண்ணுல உக்காந்துருக்கோம்" என்றாளாம். அவ்வளவுதான் சொன்னாள். கதவைச் சாத்திக்கொண்டு ஐந்து பேரும் வெகுநேரம் பேசியிருக்கிறார்கள்.

பதில் ஆம்பியா சொன்னது. அவள் சொன்னபடியே எழுத வேண்டும், நான் நடுவில் ஒரு சொல் சேர்க்கக் கூடாது என்று டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

"வரச் சொல்லுங்க. ஜும்ஆ தொழுகை முடிஞ்சு வரணும். கம்பளி, பணம், எதுவும் கொண்டு வரக் கூடாது. எனக்குன்னு தனியா ஒரு காகிதமும் வேண்டாம். மையத்துல இருக்கிற ஆறு கட்டு, முப்பது பேரும் இருப்போம். அவர் பேசினதெல்லாம் போதும், கேட்க வரட்டும்."

ஆம்பியா சொன்னது இத்தோடு முடிந்தது. இனி நான் சொல்வது.

பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டார்கள். புதுக்கடன் இன்னும் வரவில்லை. மகாஜன் நேற்றும் ஃபுல்பானு வாசலில் வந்து நின்றான். பெரிய பேத்திக்கு நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது, டாக்டர் சர்க்கரை உருண்டை கொடுத்துவருகிறார். தை மாதத்துக்குள் டாக்கா நகரத்துத் தையல் கம்பெனிக்குப் போய்விடலாமா என்று ஆம்பியா கேட்டதாக அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். முப்பது பெண்களும் உங்களிடம் என்ன கேட்கப்போகிறார்கள் என்றும் தெரியாது. இந்தக் கரையில் யார் என்ன நினைக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. இப்போது நான் போனால் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

நோன்பு நேரம், உங்களுக்குத் தண்ணீர்கூடத் தரமாட்டோம். உங்களைப் படகில் ஏற்றிக்கொண்டு வருவேன். கரையில் இறக்கிவிட்டு நான் படகிலேயே இருப்பேன். கூட்டத்துக்கு வர எனக்கு அனுமதி இல்லை.

கூட்டம், திங்கள்தோறும் கிஸ்தி வாங்குகிற மைய வீட்டில் இல்லை. ஆம்பியா வீட்டில் வைக்க வேண்டும் என்று முப்பது பேரும் சொல்லிவிட்டார்கள். வெயில் நேராகத் தலையில் இறங்கும், குடை எடுத்து வாருங்கள்.

தொமிஜ் உத்தின்
(இடது கைப் பெருவிரல் ரேகை)